வாத்தியம் தொடும் வயது

குழந்தை எந்த வயதில் வாத்தியம் கற்கத் தொடங்கலாம் என்ற கேள்வி மேலுக்கு ஒரு வைத்தியக் கேள்வி போல இருக்கிறது. தடுப்பூசி எப்போது, பால்பல் எப்போது விழும், வாத்தியம் எப்போது. கேட்பவர்கள் ஓர் எண்ணை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில், சங்கீதம் பற்றி எப்போதோ இரண்டு கட்டுரை எழுதியவன் என்ற ஒரே தகுதியில், இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலைந்து முறை என்னிடம் வருகிறது. விஜயதசமிக்கு முந்தின வாரம் கட்டாயம் வருகிறது. "சார், பையனுக்கு அஞ்சு முடிஞ்சிடுச்சு. கீபோர்டுல போடலாமா, வயலின்ல போடலாமா?" இந்தப் 'போடலாமா'வைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் போடுகிறோம், டியூஷனில் போடுகிறோம், பணத்தை டெபாஸிட்டில் போடுகிறோம். போடுகிறவர் தெரிகிறார், போடப்படும் இடம் தெரிகிறது. குழந்தை வாக்கியத்தில் எங்கோ செயப்படுபொருளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னோர் உயிரின் காலத்தை எடுத்துச் செலவு செய்ய யாருக்கு, எதன் பேரில், எதுவரை உரிமை என்பதுதான் வயதுக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி.

உடம்பு சொல்கிற பதிலை முதலிலேயே முடித்துவிடலாம், அது சுலபம். பதினாறில் ஒன்று என்று பெயரிட்ட மிகச் சிறிய அளவிலிருந்து முழு அளவு வரை வயலின் படிப்படியாகக் கிடைக்கிறது. மூன்று வயதுத் தோளுக்கும் பொருந்துகிற வயலின் உண்டு. வீணை அவ்வளவு இடம் கொடுப்பதில்லை. மேளங்களின் நீளத்துக்கு இடது கை எட்ட வேண்டும், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் பிடிக்க விரலில் வலு வேண்டும். குழலுக்குத் துளையை மூடும் விரல் அகலம் வேண்டும். முன்பற்கள் விழுந்து முளைக்கிற ஆறேழு வயதில் ஊதுகிற வாய் நிலைகொள்ளாது. மிருதங்கத்தைச் சின்ன அளவில் செய்து தருகிறார்கள். நாகஸ்வரத்துக்கு மூச்சு வளர வேண்டும். இதெல்லாம் ஒரு நல்ல வாத்தியார் குழந்தையின் கையைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

மூளை சொல்வதாகச் சொல்லப்படும் பதில் இவ்வளவு நேரானதில்லை. 1995-இல் கோட்ஃப்ரீட் ஷ்லாக் குழுவினர், ஏழு வயதுக்கு முன்பே தொடங்கிய இசைக்கலைஞர்களுக்கு மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் முன்பகுதி பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். அதே வருஷம் தாமஸ் எல்பர்ட் குழுவினர், தந்தி வாத்தியக்காரர்களின் இடது கை விரல்களுக்கு மூளையில் ஒதுங்கியுள்ள இடம் மற்றவர்களுடையதைவிட விரிந்திருப்பதையும், இளமையில் தொடங்கியவர்களிடம் அது இன்னும் விரிந்திருப்பதையும் காட்டினார்கள். பின்னர் மான்ட்ரியாலில் வர்ஜீனியா பென்ஹ்யூனும் அவருடன் பணிபுரிந்தவர்களும், ஒரே அளவு வருஷங்கள் பயின்றவர்களை ஒப்பிட்டார்கள். தாளத்தோடு விரலை இசையவைப்பதில் ஏழுக்கு முன் தொடங்கியவர்கள் தேர்ந்திருந்தார்கள். ஆக, ஏழு என்ற எண்ணுக்கு ஏதோ ஓர் ஆதாரம் இருக்கிறது. ஆனால் இந்த ஆராய்ச்சிகளில் அளக்கப்பட்டவர்கள் தொடங்கி, நிலைத்து, வித்வான்களானவர்கள். ஐந்து வயதில் போடப்பட்டு ஒன்பதில் வெறுத்துப் போய், சங்கீதம் என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் அந்த ஸ்கேன் யந்திரத்துக்குள் வந்து படுக்கவில்லை. மேலும், எது முடியும் என்பதை விஞ்ஞானம் சொல்லும். எது செய்யத் தகும் என்பதை அதன் வாயில் நாம்தான் திணிக்கிறோம்.

இதைவிட மோசம், கணக்கு நன்றாக வரும், ஞாபகசக்தி கூடும் என்று சொல்லிக் குழந்தையை வாத்தியத்திடம் அனுப்புவது. 1993-இல் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு மோஸார்ட்டைப் பத்து நிமிஷம் கேட்கக் கொடுத்தார்கள். வடிவங்களை மனசில் திருப்பிப் பார்க்கும் ஒருவகைச் சோதனையில் அவர்கள் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். அந்த லாபம் கால்மணி நேரம்கூடத் தாண்டவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1998-இல், அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார். கல்லூரி மாணவனின் கால்மணி நேரம் தொட்டில் குழந்தையின் ஆயுளாகிவிட்டது. கணக்கு வர வேண்டுமானால் கணக்குச் சொல்லிக் கொடுப்பதே நாணயமான வழி. ஒரு கலையை வேறொன்றுக்கு ஏணியாக்கிக் கொடுத்தால், கலைக்கு ஏணிக்குரிய மரியாதைதான் கிடைக்கும். ஏறினதும் உதைத்துத் தள்ளுவார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் வாத்தியம் பரண் மேல் ஏறுவதை எந்தக் குடியிருப்பிலும் பார்க்கலாம்.

*

வயதைச் சட்டமாகவே எழுதியவர் ப்ளேட்டோ. 'சட்டங்கள்' என்ற தம் கடைசி நூலின் ஏழாவது பகுதியில், பத்து வயதில் எழுத்து, மூன்று வருஷம். பதின்மூன்றில் யாழ், மூன்று வருஷம் என்று விதிக்கிறார். பையனுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இந்தக் காலத்தை நீட்டவோ குறைக்கவோ தகப்பனுக்கும் உரிமையில்லை, பையனுக்கும் உரிமையில்லை. முதல் பார்வைக்கு இது ஓர் எதேச்சாதிகாரியின் கால அட்டவணை. நிதானமாகப் பார்த்தால் இதில் தகப்பனுக்கும் ஒரு வேலி இருக்கிறது. மகனின் சோம்பலுக்கு எதிராக எழுப்பின அதே சுவர் தகப்பனின் பேராசைக்கு எதிராகவும் நிற்கிறது. எப்போது தொடங்குவது என்று மட்டும் கேட்கும் நாம், எப்போது நிறுத்துவது என்று கேட்பதில்லை. ப்ளேட்டோ இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்.

அரிஸ்டாட்டில் அந்த நிறுத்தத்துக்குக் காரணமும் சொல்கிறார். 'அரசிய'லின் எட்டாவது பகுதியில் அவர் கட்சி இது: தானே செய்து பார்க்காதவனுக்கு நல்லது கெட்டது பிரித்தறியும் தீர்ப்பு வருவது கடினம், ஆகவே சிறு வயதில் வாசிக்கக் கற்க வேண்டும், தீர்ப்பு வந்தபின் வாசிப்பதை விட்டுவிடலாம். போட்டிகளுக்காகச் செய்யும் அசுர சாதகம் சுதந்திர மனிதனுக்கு ஆகாது என்கிறார். வாத்தியம் தொழிலாளிக்கு, ரஸனை எஜமானுக்கு என்கிற கிரேக்கத் திமிர் இதில் உண்டு, அதை ஒப்புக்கொள்ளவேண்டியதில்லை. ஆனால் திமிரைக் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. கற்பதன் பயன் கேட்கத் தெரிவது என்றால், அப்போது தொடங்கும் வயதும், செலவழிக்கும் மணியும், விடும்போது மிஞ்சுவதும் எல்லாம் வேறு கணக்காகிவிடுகின்றன.

நம்மிடமும் ஒரு பழைய எண் இருக்கிறது. சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் சோழன் முன் அரங்கேறுகிறாள். அதாவது, ஐந்தில் தொடங்கியிருக்கிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், மத்தளக்காரன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்ன லக்ஷணம் வேண்டும் என்று அரங்கேற்று காதை விஸ்தாரமாகச் சொல்கிறது. ஆசிரியர்களுக்கு இத்தனை தகுதி வகுத்த இடத்தில் குழந்தைக்குத் தகுதி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அவள் பிறந்த குலம் கேள்விக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. 'தயாரா?' என்பது, 'இல்லை' என்று சொல்ல வழியுள்ள வீட்டில் மட்டுமே எழுகிற கேள்வி. நாகஸ்வரக் குடும்பத்துப் பையனுக்கு அது எழுந்ததில்லை. தகப்பன் வாசிப்பு தாலாட்டுக்கு முன்பே காதில் விழுந்துவிடும்.

பறையை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் வர்க்கம் இன்னும் துலக்கமாகத் தெரியும். சாவு வீட்டில் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று அடித்த சிறுவனை யாரும் மேதை என்று சொல்லவில்லை. அது குலத்தொழில். நம் வீட்டுப் பிள்ளை அதே வயதில் கீபோர்டில் ஒரு சினிமாப் பாட்டை வாசித்தால் அது திறமை. பறை அடிக்க மாட்டோம் என்று கருவியைக் கீழே வைத்தது பல ஊர்களில் தலித் மக்களின் சுயமரியாதைப் போராட்டமாக இருந்திருக்கிறது. பின்னால் அதே பறையைத் தாங்களே விரும்பிக் கையில் எடுத்து மேடையேற்றியதும் அந்தச் சுயமரியாதையின் தொடர்ச்சிதான். இரண்டுக்கும் நடுவில் கீழே வைக்கும் உரிமை என்ற ஒன்று இருக்கிறது. அந்த உரிமை வந்தபிறகு எடுத்த கருவியும், அதற்கு முன் திணித்த கருவியும் மரத்தாலும் தோலாலும் ஒன்றாக இருக்கலாம், சப்தத்தால் ஒன்றல்ல.

*

மேதைகளை உதாரணம் காட்டுவது நம் வழக்கம். காட்டுகிறவர்கள் பாதிதான் காட்டுகிறார்கள். 1778-இல் கொலோன் நகரில் மகனை மேடையேற்றிய பேத்தோவனின் தகப்பனார், பையனுக்கு ஆறு வயது என்று விளம்பரம் செய்தார். ஏழு முடிந்திருந்தது. ஒரு வயதைக் குறைத்தால் அதிசயம் ஒரு பங்கு கூடும். மோஸார்ட்டோடு ஐரோப்பா பூராவும் சேர்ந்து வாசித்த அக்கா நானெர்ல், 1769-இல் தகப்பனும் தம்பியும் இத்தாலிக்குப் புறப்பட்டபோது வீட்டில் விடப்பட்டாள். கல்யாண வயதாகிவிட்டது. தொடங்கும் வயதைத் தகப்பன் முடிவு செய்யும் வீட்டில் நிறுத்தும் வயதையும் அவரே முடிவு செய்கிறார்.

குழல் மாலி ஏழு வயதில், 1933-இல், மயிலாப்பூரில் கச்சேரி செய்தவர். பிற்காலத்தில் ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்கு வராமலும், வந்து பாதியில் எழுந்தும் சபாக்காரர்களைத் தவிக்கவிட்டவர். இவ்விரண்டையும் காரண காரியமாக முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. குழந்தைப் பருவத்தில் மேடையேறின ஒருவருக்கு, பின்னால் மேடையிலிருந்து இறங்குவது மட்டுமே தன் இஷ்டமாக மிஞ்சியிருக்கலாம் என்று ஒரு சந்தேகம் தோன்றுகிறது, அவ்வளவுதான். யெஹுதி மெனுஹின் தம் சுயசரிதத்தில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். நாலு வயதில் வயலின் கேட்டார். உலோகத்தில் செய்த பொம்மை வயலின் ஒன்று வந்தது. அது பாடவில்லை என்று ஆத்திரத்தில் தரையில் எறிந்தார். தயார் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது பண்டம் அல்ல, நாதம். ஆனால் அதே மெனுஹினுக்கு வளர்ந்தபின், தன் கை எப்படி வாசிக்கிறது என்று தனக்கே தெரியவில்லை என்ற நெருக்கடி வந்தது. வில் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் பிரக்ஞையோடு திரும்பக் கற்கவேண்டியிருந்தது. 1952-இல் பம்பாயில் பி.கே.எஸ். அய்யங்காரிடம் யோகம் பயிலப் போனதற்கும் அந்தத் தேடலில் பங்கு உண்டு.

மறுபக்கம், ரவி சங்கர் சிதாரை முழுமூச்சாகக் கையில் எடுத்தபோது வயது பதினெட்டு. 1938, மைஹரில், அலாவுதீன் கான் வீட்டில். குழந்தைகளுக்கு மூன்று வயதிலேயே வயலின் கற்பிக்கலாம் என்று உலகத்தையே நம்பவைத்த ஜப்பானியர் ஷினிச்சி ஸுஸுகி, தாம் தொடங்கியதோ பதினேழில். மிஷா எல்மன் வாசித்த ஓர் இசைத்தட்டைக் கேட்டு, வயலின் தொழிற்சாலை முதலாளியாக இருந்த தகப்பனாரிடமிருந்து ஒரு வயலினைக் கொண்டுபோய் வீட்டில் தானாக வாசித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: ரவி சங்கர் பத்து வயதிலிருந்து அண்ணன் உதய சங்கரின் நடனக் குழுவில் சங்கீதத்துக்கு நடுவே வளர்ந்தவர். ஸுஸுகி பிறந்ததே வயலின்களுக்கு நடுவில். காது முன்பே தொடங்கிவிட்டது. கை பின்னால் வந்தது.

நம் ஸம்பிரதாயம் இதை அறிந்திருந்தது. முதலில் பாட்டு, பிறகு வாத்தியம். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்துக்கு முன் திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் பாட்டு கற்றார். மாண்டலின் ஸ்ரீநிவாஸுக்குக் கற்பித்த சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், ஆறேழு வயதுப் பையன் அதைத் தந்தியில் கண்டுபிடிப்பான். விரல் எங்கே போக வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லாததால், காது ஒன்றே வழிகாட்டி. இன்று நடப்பது இதற்கு நேர் எதிர். வீட்டில் முதலில் வந்து இறங்குவது கீபோர்டு. அதில் ஸ்வரம் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. தப்பான கட்டையை அழுத்தினாலும் சுத்தமான ஸ்வரம்தான் வரும், வேறு ஸ்வரமாக வரும், அவ்வளவே. அபஸ்வரம் என்ற அனுபவமே குழந்தைக்குக் கிடைப்பதில்லை. மேளம் இல்லாத வயலினில் விரல் மயிரிழை நகர்ந்தால் காது கூசும். கூசுகிற காதுதான் கல்வி. எந்த வயதில் என்பதைவிட எந்த வாத்தியம் என்பதிலேயே, குழந்தையைக் கேட்கவைக்கப் போகிறோமா, அழுத்தவைக்கப் போகிறோமா என்பது பாதி தீர்மானமாகிவிடுகிறது.

என் மகளுக்கு ஏழு வயது. பக்கத்துத் தெரு மாமியிடம் பாட்டு கற்கிறாள். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, மூன்று காலம். ஒரு நாள் வீட்டில் பாடிக்கொண்டிருந்தவள் நடுவில் தானே நின்று, "இல்லப்பா, தைவதம் கீழ போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அந்த வரியைத் திரும்பப் பாடினாள். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. உண்மையில் எனக்கு அது கேட்கவும் இல்லை. தயார்நிலை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான் என்று நினைக்கிறேன்: தன் பிழையைத் தானே கேட்பது, கேட்டும் நொறுங்காமல் இருப்பது, யாரும் சொல்லாமல் திரும்பப் போவது. மூன்றும் சேர்ந்து வர வேண்டும். பிழை கேட்காத குழந்தைக்கு ஸாதகம் வெறும் தண்டனை. பிழை கேட்டு நொறுங்குகிற குழந்தைக்கு அது சித்திரவதை. இந்த மூன்றும் ஒருத்திக்கு ஐந்தில் வரலாம், ஒருவனுக்குப் பன்னிரண்டில் வரலாம். அந்த நிமிஷத்தில் எனக்குள் எழுந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயலின் வாங்க வேண்டும், வாத்தியார் பார்க்க வேண்டும், எத்தனை வருஷத்தில் எது என்று மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. குழந்தை தன் காதுக்காக ஒரு வரியைத் திரும்பப் பாடினாள். நான் அதை உடனே முதலீடாக்கப் பார்த்தேன். அவள் இன்னும் வாத்தியம் கேட்கவில்லை.

*

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குழந்தை தனக்குத் தெரியாததை எப்படிக் கேட்கும்? ஆசை பழக்கத்துக்குப் பின்னால் வருவது. தாய்மொழியை எந்தக் குழந்தையும் சம்மதித்துக் கற்கவில்லை. வாத்தியத்தையும் அப்படியே கொடுக்கலாம் என்பது ஸுஸுகியின் அடிப்படை. ஜோயல் ஃபைன்பர்க் என்ற தத்துவாசிரியர் 1980-இல், குழந்தைக்குத் திறந்த எதிர்காலத்துக்கு உரிமை உண்டு, பெரியவர்கள் கதவுகளை முன்கூட்டிச் சாத்தக் கூடாது என்று வாதித்தார். ஆனால் சங்கீதத்தில், எல்லாக் கதவையும் பதினெட்டு வயதுவரை திறந்து வைத்துக் காத்திருந்தால் சில கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்கின்றன. காத்திருப்பதும் ஒரு தீர்மானம்தான். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். கட்டாயம் எல்லாமே பாவம் என்ற கட்சி என்னுடையதில்லை. தினமும் கால்மணி நேரம் உட்கார் என்று சொல்லாமல் எந்தக் கையும் படியாது.

தாய்மொழி உவமைதான் எனக்குப் பாதிவரை வருகிறது. தாய்மொழிக்குக் கிரேடுப் பரீட்சை கிடையாது. மழலைக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை, வருஷக் கடைசியில் பட்டுப் பாவாடை கட்டி மேடையேற்றிப் பேசிக்காட்டச் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் எல்லோரும் அந்த மொழியைப் பேசுகிறார்கள். வீட்டில் ஒருவரும் பாடாத, ஒருவரும் உட்கார்ந்து கேட்காத சங்கீதத்தைக் குழந்தை மட்டும் கற்க வேண்டும் என்றால், அது தாய்மொழியாகாது, வெளியூரில் பிழைக்கக் கற்கும் பாஷையாகத்தான் இருக்கும். குழந்தை தயாரா என்று கேட்கும் முன் வீடு தயாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு அறை ஃப்ளாட்டில் ஒரு வருஷ காலம் அபஸ்வரத்தை முகம் சுளிக்காமல் கேட்கத் தகப்பன் தயாரா? டெலிவிஷனை அணைக்கத் தயாரா?

கட்டாயத்துக்கு எல்லை எது என்பதற்கு என் தொழிலில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. மைனர் பெயரில் கணக்குத் தொடங்கினால் கார்டியன் கையெழுத்திடுகிறார். பணம் அவருடையதல்ல. எடுக்கும் பணம் மைனரின் நன்மைக்கே என்று அவர் உறுதி கூறவேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை தன் சேமிப்புக் கணக்கை, வரம்புக்குட்பட்டு, தானே நடத்தலாம் என்று ரிஸர்வ் வங்கி 2014-இல் அனுமதித்தது. பதினெட்டு நிறைந்ததும் கார்டியனின் கையெழுத்து செல்லாது. குழந்தையாக இருந்தவனின் புது மாதிரிக் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறோம். வறட்டு விதிகள்தான், ஆனால் பெற்றோர் என்ற பதவி பொறுப்பு மட்டுமே, உடைமையல்ல என்பதை இவ்வளவு கறாராகச் சொல்லும் வாசகத்தை நான் இலக்கியத்தில் அதிகம் பார்த்ததில்லை. தான் கற்க முடியாமல் போன வீணையை மகள் மூலம் கற்க நினைக்கிறவர், மைனர் கணக்கிலிருந்து தன் பழைய கடனை அடைக்கிறார். அதற்குக் குழந்தை ஐந்து வயதில் தயாராக இருந்தாலும் ஒன்றுதான், பதினைந்தில் இருந்தாலும் ஒன்றுதான்.

ஆகவே என்னிடம் எண் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பாட்டு எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், பாடிக்கொண்டிருப்பதே தொடங்குவதுதான். வாத்தியம், கை எட்டி, தன் பிழை தனக்குக் கேட்கத் தொடங்கியபின். தொடங்கினால் ப்ளேட்டோவின் மூன்று வருஷத்தைத் தவணையாக வைத்துக்கொள்ளலாம். நடுவில் விடவும் கூடாது, மேடையேற்றவும் கூடாது. தவணை முடிந்ததும் குழந்தையைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அதைத் தோல்வி என்ற பெயரில் பதிவு செய்யக் கூடாது. நண்பர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. மூன்று வருஷம் கட்டின ஃபீஸ் என்னாவது என்று கேட்கிறார்கள்.

கேட்கத் தெரிந்த ஒருவன் மிஞ்சுவான் என்பதுதான் பதில். அதை லாபமாக எழுத நம்மிடம் ஏடு இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்களை உற்பத்தி செய்ய தெருவுக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. கேட்பவனை உண்டாக்க ஒன்றும் இல்லை. டிசம்பரில் மத்தியான்னக் கச்சேரிகளில் மேடையில் இளைஞர்கள் பிரமாதமாக வாசிக்க, எதிரே காலி நாற்காலிகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. எழுதுகிறவர்களே ஒருவரை ஒருவர் வாசித்துக்கொள்ளும் பத்திரிகை நடத்தும் நமக்கு இந்த நிலைமையை விளக்கவேண்டியதில்லை. பரண் மேல் வாத்தியத்தைப் போட்டுவிட்டு, இருபது வருஷம் கழித்து ஒரு மத்தியான்னம் அந்த நாற்காலிகளில் ஒன்றில் தானாக வந்து உட்கார்ந்து, தைவதம் கீழே போவதைக் கேட்டு நெளிகிற ஒருவன், சரியான வயதில் தொடங்கியவன்.